மறு: கலைச்சொல் – ஸ்டிரிங் பேண்டுக்கு ‘நரம்பு ஜமா’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் இசையில், பிடில், கிடார் போன்ற கருவிகள் முன்னே நிற்கும் குழுவை ‘ஸ்டிரிங் பேண்டு’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நரம்பு ஜமா’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது என் பதில்.

> ‘நரம்பிசைக் குழு’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் ‘நரம்பு’ எனக்கும் சம்மதம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று வகுத்த நம் பழைய முறையில் பிடிலும் கிடாரும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ‘தந்தி’ வேண்டாம். இன்றைய வாசகருக்கு முதலில் தபால் நிலையமும் நாளிதழும்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு இடிப்பது ‘இசைக் குழு’. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் இசைக்குறிப்புத் தாள் பார்த்து வாசிக்கும் ஐரோப்பியச் செவ்வியல் குழுவையும் ‘நரம்பிசைக் குழு’ என்றே எழுதி வருகிறோம். லூசியானாவின் கேஜன் ஸ்டிரிங் பேண்டு வேறு உலகம். பகலில் வயலிலும் எண்ணெய்க் கிணற்றிலும் வேலை பார்த்தவர்கள், சனிக்கிழமை இரவு ஆட்டக் கூடத்தில் ஜனங்கள் ஆடுவதற்காக வாசித்த இசை அது. கூத்துக் கலைஞர்கள் தங்கள் குழுவை ‘ஜமா’ என்கிறார்கள். ஊர் ஊராகப் போய், இரவெல்லாம் ஆடிப்பாடி, கூலியைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டம் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கனவே இருக்கிறது. அதனால்தான் ‘நரம்பு ஜமா’ என்கிறேன். ஜமா தமிழ் வேர் இல்லையே என்று போன மடலில் ஐயா கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் கூத்துக்காரர்கள் தலைமுறைகளாகப் புழங்கும் சொல், நாம் மேசையில் உட்கார்ந்து செய்வதைவிட உறுதியானது.

> பழைய கேஜன் ஒலிப்பதிவுகள் எல்லாவற்றுக்கும் இதே சொல் போதுமா?

போதாது அக்கா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேஜன் இசையின் முதல் இசைத்தட்டு 1928 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பதிவானது. பாடி வாசித்தவர் ஜோ ஃபால்கன், கிடார் கிளியோமா ப்ரோ. ஃபால்கன் கையில் இருந்தது அக்கார்டியன், அதாவது துருத்தியை இழுத்து அமுக்கி வாசிக்கும் கருவி. அது நரம்பு ஜமா ஆகாது. அதே ஆண்டு அட்லாண்டாவில் பிடிலோடு பதிவு செய்த லியோ சுவாலோவுக்குப் பக்கத்திலும் அக்கார்டியன்காரர் மேயஸ் லாஃப்லர் இருந்தார். பதிவு முடிந்து சில நாட்களிலேயே லாஃப்லர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

1930-களின் நடுவில்தான் நிலைமை மாறியது. எண்ணெய்த் தொழிலும் வானொலியும் டெக்சாஸ் பக்கத்து ஸ்விங் என்ற ஆட்ட இசையைக் கொண்டுவந்தன. அக்கார்டியன் பழைய சரக்காகி ஒதுங்க, பிடில் முன்னால் வந்தது. 1933-இல் லூடரின் டார்போனும் எட்வின் டூஹானும் தொடங்கிய ஹேக்பெரி ராம்ப்ளர்ஸ் குழுவினர் 1935-இல் புளூபேர்டு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தார்கள். மின்சாரம் இல்லாத கூடங்களில் டார்போன் தன் ஃபோர்டு காரின் எஞ்சினை வெளியே ஓடவிட்டு, அதிலிருந்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எடுத்தார். எனக்கு இது மிக முக்கியமான செய்தி. நூறு பேர் காலைத் தட்டி ஆடும் கூடத்தில் அக்கார்டியன் தன் பலத்திலேயே கேட்கும், பிடில் கேட்காது. மைக் வந்த பிறகுதான் பிடில் அந்தக் கூடத்தை ஆள முடிந்தது.

ஆக, இந்தச் சொல்லின் பொருளில் பாதி ‘அக்கார்டியன் இல்லாதது’ என்பது. 1948-இல் அக்கார்டியன்காரர் ஐரி லெஜூனின் தட்டு வெளிவந்து அக்கார்டியன் மறுபடி எழும்வரை உள்ள காலத்தைத்தான் அது முக்கியமாகக் குறிக்க வேண்டும். சுவாலோவின் 1935 குழுவில் டிரம்ஸ் இருந்ததே, அதை எப்படி நரம்பு ஜமா என்பது என்று கேட்கலாம். முன்னே நிற்பது எது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். பெயரும் கருவிகளும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. நாதஸ்வரம் முன்னே நிற்கும் குழுவுக்கு நாம் பெரிய மேளம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம், அதனால் குழப்பம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் ஒரு உதவி. டெனிஸ் மகீயும் சேடி கூர்வில்லும் 1929-இல் வெறும் இரண்டு பிடிலோடு பதிவு செய்த தட்டுகள் இருக்கின்றன. அக்கார்டியன் காலத்திலேயே அது இல்லாமல் வந்தவை. மகீ மெட்டை வாசிக்க, கூர்வில் கீழ்க் கம்பிகளில் தாளத்தோடு சுரங்களைக் கூட்டிப் பிடித்துக்கொண்டே போவார். அந்த வாசிப்புக்கு ‘இரண்டாம் பிடில்’ என்று போட்டால் தாழ்ந்தவர் என்ற பொருள் வந்துவிடும். ‘ஒத்து’ என்று யோசித்தேன், ஆனால் ஒத்து ஒரே சுருதியில் நிற்பது, இது நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்பாட்டு என்பதைப் போலப் ‘பின்பிடில்’ என்று சொல்லலாமா? கூத்து, நாதஸ்வரம் இரண்டிலும் பழக்கமுள்ளவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.