கோமிஸ் பேரிக்காயை எப்போது பறிப்பது? வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே பழுப்பு

ரெடிங்வாசி

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் ரெடிங்கில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ஒரு பேரி மரம் இருக்கிறது. கிளையில் தொங்கும் தகட்டில் 'டுவயனே டு கோமிஸ்' என்று எழுதியிருக்கிறது. ஏப்ரலில் இலையே தெரியாத அளவுக்குப் பூத்தது. ஆனால் நின்ற காய் கொஞ்சம்தான்.

போன அக்டோபரில் நன்றாக மஞ்சளாகட்டும் என்று காயை மரத்திலேயே விட்டு வைத்திருந்தோம். தோலில் ஒரு குறையும் இல்லை. வெட்டினால் விதையைச் சுற்றி பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. இப்போது செப்டம்பர் முதல் வாரம், காய் கல்லாக இருக்கிறது. எப்போது பறிப்பது? இலைகளில் பளிச்சென்று ஆரஞ்சுப் புள்ளிகளும் வந்திருக்கின்றன. நோய் பிடித்த மரம், வெட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை.

கென்ட் தோட்டக்காரி

தம்பி, முதலில் மரத்தை வெட்டாதீர்கள். இங்கிலாந்தில் வீட்டில் வளர்க்கிற பழங்களில் கோமிஸுக்கு மேல் எனக்கு எதுவும் இல்லை. 1849இல் பிரான்சின் ஆன்ஜே நகரில் முதன்முதலாகக் காய்த்த ரகம். இன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் வைக்கிற பேரி என்றால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

உங்கள் பழம் கெட்டதற்கு நோய் காரணமில்லை. இந்த வகைப் பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். தோல் மஞ்சளாகி நமக்குத் தெரிவதற்குள் நடுப்பகுதி பழுத்துத் தாண்டிப் போயிருக்கும். மாம்பழத்தையே மரத்தில் பழுக்க விடாமல் பறித்து வைக்கோலில் வைத்துப் பழக்கப்பட்டவர்கள் நாம், இதற்கும் அதே புத்திதான் வேண்டும். கொடைக்கானல் ரோட்டோரத்தில் வாங்கி நறுக்கென்று கடிக்கிற காய் வேறு ஜாதி. அதை வைத்து இதை அளக்கக் கூடாது.

பறிக்கும் பதம் இப்படிப் பாருங்கள். காயை உள்ளங்கையில் ஏந்தி, இழுக்காமல், மெதுவாக மேலே தூக்கிப் படுக்கை வாட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் சிறிய கணு ஒன்று இருக்கும். பதம் வந்திருந்தால் அந்தக் கணுவில் தானாக விட்டு, காம்போடு கைக்கு வந்துவிடும். வரவில்லையென்றால் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முறுக்கிப் பிய்த்தால் அடுத்த வருடம் பூக்கவேண்டிய முனையும் சேர்ந்து போய்விடும். தென் இங்கிலாந்தில் கோமிஸுக்குப் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. எல்லாக் காயும் ஒரே நாளில் வராது, இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள்.

பறித்த அன்றே சாப்பிட ஆசைப்படாதீர்கள். கோமிஸுக்குக் குளிர் கட்டாயம், ஏறக்குறைய ஒரு மாதம். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், ஒன்றோடொன்று இடிக்காமல், மூட்டை கட்டாமல் வையுங்கள். அப்புறம் இரண்டு மூன்றாக எடுத்துச் சமையலறை மேசையில் வையுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், காம்புக்குப் பக்கத்தில் கழுத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். அங்கே இளகினால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். வயிற்றுப்பக்கம் இளகும்வரை காத்திருந்தால் மறுபடி அதே பழுப்புதான்.

ஹாரோ அண்ணாச்சி

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆரஞ்சுப் புள்ளிக்கு நான் சொல்கிறேன், அது பேரி துரு. ஒரு பூஞ்சை. இதன் வாழ்க்கை பாதி பேரி இலையில், பாதி ஜூனிப்பர் செடியில். வசந்தத்தில் ஜூனிப்பரிலிருந்து வித்துகள் காற்றில் வந்து இறங்கும். கோடைக் கடைசியில் இலையைத் திருப்பிப் பாருங்கள், புள்ளிக்கு நேர் அடியில் பழுப்பாகச் சிறிய முண்டுகள் புடைத்திருக்கும். அங்கிருந்து திரும்ப ஜூனிப்பருக்குப் போகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதனால் மரம் சாகாது. கொஞ்சம் இலைதான் என்றால் கிள்ளிப் போடுங்கள். நிறைய இருந்தால் அப்படியே விடுங்கள், எல்லா இலையையும் உருவினால் மரத்துக்கு அதுதான் கேடு. வித்து வெகுதூரம் பறந்து வரும், அதனால் அக்கம்பக்கத்து ஜூனிப்பரை வெட்டியும் பெரிய பலன் இல்லை.

பயப்பட வேண்டிய நோய் வேறு. பூவும் கிளை நுனியும் தீயில் கருகியதுபோல் வாடி, இலை உதிராமல் தொங்கினால் அது பாக்டீரியாவால் வரும் தீக்கருகல். அப்போது மட்டும் தாமதிக்காமல், நோய் தெரியும் இடத்துக்கு நன்றாகக் கீழே, நல்ல மரம் வரை வெட்டி எடுங்கள். கத்தியைக் கிருமிநாசினியில் துடைத்துவிட்டு அடுத்த கிளையைத் தொடுங்கள்.

ரெடிங்வாசி

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. கருகல் எதுவும் இல்லை, புள்ளி மட்டும்தான். மரம் தப்பித்தது! அவ்வளவு பூத்தும் காய் நிற்காததற்கு உரம் போட வேண்டுமா?

கென்ட் தோட்டக்காரி

உரத்தைவிட முதலில் துணை மரம் வேண்டும். கோமிஸ் தன் மகரந்தத்தால் சரியாகக் காய்க்காது. அக்கம்பக்கத்தில் வேறு ரகப் பேரி இல்லையென்றால் இந்தக் குளிர்காலத்தில் ஒரு கான்ஃபரன்ஸ் வாங்கி வையுங்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உருவான ரகம், தனியாகவே ஓரளவு காய்க்கும், கோமிஸோடு சேர்ந்தாற்போல் பூக்கும். இடம் குறைவென்றால் மரத்தைக் குட்டையாக வைக்கிற 'க்வின்ஸ் சி' என்ற வேர்ச்செடியில் ஒட்டியதாகக் கேளுங்கள், இரண்டரை மூன்று மீட்டரில் நின்றுவிடும். ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும்.

பேரி ஏப்ரலிலேயே பூத்துவிடும். அந்த நேரத்து இரவுப் பனி ஒன்று போதும், பூ கருத்துவிடும். முன்னறிவிப்பில் உறைபனி என்று வந்தால் மாலையில் தோட்டத் துணியைப் போர்த்தி, காலையில் தேனீ வர எடுத்துவிடுங்கள்.

மரத்தடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். க்வின்ஸ் வேர் ஆழம் போகாது, ஜூன் ஜூலையில் காய்ந்தால் பிஞ்சு கொட்டும். கவாத்து டிசம்பர் ஜனவரியில் செய்யலாம். ஆனால் ஒரேயடியாக வெட்டினால் மறு வருடம் நெட்டுக்குத்தாகப் போத்துதான் கிளம்பும், பூ வராது.

மே மாதம் சில பிஞ்சுகள் மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் பருத்துக் கருத்தால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே பேரி ஈயின் புழு இருக்கும். விழுவதற்குள் பறித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கீழே விட்டால் புழு மண்ணுக்குள் போய் அடுத்த வருடம் திரும்பி வரும்.