டிக்கர் டைமர்: ஜி 8.7ஐத் தாண்ட மாட்டேங்குது, உதவுங்க

சாட்ஸ்வொர்த்_12:
அவசரம். நாளைக்கு ப்ராக்டிகல் அறிக்கை கொடுக்கணும். டிக்கர் டைமர் (வினாடிக்கு 50 தடவை காகித நாடாவில் புள்ளி குத்துற கருவி) வச்சு ஜி, அதாவது ஈர்ப்பு முடுக்கம், அளக்கறேன். எடைக்கல்லில் நாடாவை ஒட்டி விழவிட்டா 9.8 மீ/வி² வரணும், ஒவ்வொரு தடவையும் 8.7தான் வருது. எங்கே தப்பு?

டொங்காட்_கரும்பு:
எவ்வளவு எடை? எவ்வளவு உயரம்? டைமருக்குக் கரண்ட் எங்கிருந்து?

மரிட்ஸ்பர்க்காரன்:
கரண்ட்தான் காரணம். லோட் ஷெட்டிங்கில் (மின்வெட்டில்) ஜெனரேட்டர் போட்டிருப்பீங்க. அது 50 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 50 தடவைக்கு) கீழே மெதுவா ஓடும், ஜி குறையும்.

பழைய_வாத்தியார்:
தம்பி, பேசுவதற்கு முன் ஒரு வரி கணக்குப் போட்டிருக்கலாம். மெதுவாக ஓடினால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 0.02 வினாடி என்றே வைத்தால் விடை கூடும், குறையாது. 8.7 வர வேண்டுமென்றால் 53 ஹெர்ட்ஸ் ஓட வேண்டும்.

மரிட்ஸ்பர்க்காரன்:
சுமையில்லாத சின்ன ஜெனரேட்டர் 52 தொடும் அண்ணா.

பழைய_வாத்தியார்:
தொடட்டும். அப்போதும் 9.05.

சாட்ஸ்வொர்த்_12:
சுவர் பிளக்தான், பவர் பேக் வழியா. 50 கிராம், 1 மீட்டர். டைமர் மேசை மேல படுத்திருக்கு.

டொங்காட்_கரும்பு:
அதானே பார்த்தேன். நாடா மேசை விளிம்பிலும் கார்பன் தாளிலும் உரசுது. உங்க அளவுப்படி உராய்வு 0.05 × (9.8 − 8.7) = 0.055 நியூட்டன். அதே உராய்வு 500 கிராம் கல்லுக்கு 0.11தான் குறைக்கும்.

டைமரை ஸ்டாண்டில் செங்குத்தா கிளாம்ப் பண்ணுங்க, நாடா எங்கேயும் வளையக் கூடாது. முதல்ல டைமரைப் போட்டுட்டு அப்புறம் நாடாவை விடுங்க. ஆரம்பத்தில் ஒண்ணுமேல ஒண்ணா அப்பியிருக்கிற புள்ளிகளை விட்டுட்டு, தெளிவா பிரிஞ்ச இடத்திலிருந்து அளங்க. கீழே மணல் பெட்டி வைங்க, 500 கிராம் கல் தரை டைல்ஸை உடைச்சிடும்.

லெனேசியா_அக்கா:
கனமானது வேகமா விழும்னு சொல்றீங்களா? கலிலியோவுக்கு யார் பதில் சொல்றது?

பழைய_வாத்தியார்:
ஈர்ப்பு விசை நிறையோடு சேர்ந்து கூடும், அதனால் முடுக்கம் மாறாது. நாடாவின் உராய்வு கூடாது. வித்தியாசம் அங்கேதான். 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன. அங்கே காற்றும் இல்லை, நாடாவும் இல்லை.

லெனேசியா_அக்கா:
அப்போ அறிக்கையில் "காற்றுத் தடை"ன்னு எழுதினா?

டொங்காட்_கரும்பு:
வேண்டாம் அக்கா. பித்தளைக் கல் 1 மீட்டர் விழுந்தா 4.4 மீ/விதான் வரும், அந்த வேகத்தில் காற்றுத் தடை மிகச் சின்னது. நாடாதான் குற்றவாளி.

சாட்ஸ்வொர்த்_12:
500 கிராம், ஸ்டாண்ட். 9.6 வந்துடுச்சு. நன்றி.

டொங்காட்_கரும்பு:
ஒப்பிட 9.79 போடுங்க, நம்ம டர்பன் நகரத்தில் ஜி அதுதான்.

மரிட்ஸ்பர்க்காரன்:
இந்தத் தடவையும் சுவர் பிளக்தானா?