தேர்தல் நேரத்தில் நீதிபதி நியமனம்: பிலிப்பைன்ஸில் தடை இருக்கிறதா, இல்லையா?

கேள்வி (வெள்ளைத்தாள்):
பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பைப் புரட்டியதில் ஓரிடத்தில் குழம்பிப்போனேன். 7-ஆம் அத்தியாயம் 15-ஆம் பிரிவுப்படி, அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பிலிருந்து பதவிக்காலம் முடியும்வரை அதிபர் யாரையும் நியமிக்கக் கூடாது. அவசரம் என்றால் நிர்வாகப் பதவிகளில் தற்காலிகமாகப் போடலாம், அவ்வளவுதான். 8-ஆம் அத்தியாயமோ, உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியானால் 90 நாளுக்குள் நிரப்பு என்கிறது. சரி, தேர்தல் சமயத்தில் ஒரு நீதிபதி ஓய்வு பெற்றால் எதைக் கேட்பது?

தராசுமுள்:
2010-இல் இதே சிக்கல்தான் வந்தது. தேர்தல் மே 10, தலைமை நீதிபதி ரெனாட்டோ புனோ ஓய்வு பெறும் நாள் மே 17. அதிபர் குளோரியா அரோயோ நியமிக்கலாமா என்று வழக்கு போனது. டி காஸ்ட்ரோ வழக்கு என்பார்கள். மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம், தடை தனக்குப் பொருந்தாது என்றது. அந்தத் தடை நிர்வாகத் துறை பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது, நீதித்துறைக்கும் வேண்டுமென்றால் 8-ஆம் அத்தியாயத்தில் எழுதியிருப்பார்களே என்பது வாதம். அதோடு, நீதித்துறை கவுன்சில் தரும் பட்டியலிலிருந்துதான் அதிபர் ஆளை எடுக்க முடியும், அதனால் நள்ளிரவு நியமனத்துக்கு, அதாவது பதவி முடியப்போகும் கடைசி நேரத்தில் அவசர அவசரமாக ஆள் போடுவதற்கு, வழியில்லையாம். அரோயோ மே 12-இல் ரெனாட்டோ கொரோனாவை நியமித்தார். ஓட்டுப்போட்டு இரண்டே நாள்!

பழையகோப்பு:
முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1998-இல் இதே நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. ஃபிடல் ராமோஸ் தடைக்காலத்தில் நியமித்த இரண்டு விசாரணை நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம் செல்லாது என்று போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அரசியலமைப்பில் ஓர் எழுத்து மாறவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது.

கணக்கையும் பாருங்கள். மே 17-இலிருந்து 90 நாள் என்றால் ஆகஸ்ட் 15. புது அதிபர் ஜூன் 30-இல் வந்துவிடுகிறார், கையில் ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது. பட்டியலை அதற்குள் அவரிடமே கொடுத்திருக்கலாம், இரண்டு விதியும் மீறப்பட்டிருக்காது. அப்புறம் எங்கே முரண்பாடு? 2010 தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி கொன்சிட்டா கார்பியோ மொராலெஸ். வெற்றி பெற்ற பெனிக்னோ அக்கினோ, தலைமை நீதிபதியை விட்டுவிட்டு இவர் முன்னிலையில்தான் பதவிப் பிரமாணம் எடுத்தார்.

வெள்ளைத்தாள்:
ஆகஸ்ட் 15 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இந்த நியமனத்துக்காகத்தான் கொரோனாவைப் பின்னால் பதவிநீக்கம் செய்தார்களா?

தராசுமுள்:
இல்லை, பலர் அப்படித்தான் கலந்துவிடுகிறார்கள். 2012 மே 29-இல் செனட்டில் 20 பேர் குற்றவாளி என்றார்கள், 3 பேர் இல்லை என்றார்கள். ஆனால் விஷயம் சொத்து விவரம். வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை முழுதாகக் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. பழையகோப்பு போட்ட கணக்கை நான் மறுக்கவில்லை, ஆனால் தீர்ப்பு இன்னும் தீர்ப்புதான். அதன் வாசகம் உச்ச நீதிமன்றத்தோடு நிற்காமல் மற்ற நீதித்துறை நியமனங்களையும் சேர்த்தே தடைக்கு வெளியே வைக்கிறது.

பழையகோப்பு:
அதுதானே என் வயிற்றெரிச்சல். கேட்டது ஒரு நாற்காலிக்கு, திறந்துவிட்டது முழுக் கட்டடத்தையும்.