சத்தி எடுத்ததை மறைச்சன்: கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனை அனுபவங்கள்

கொக்குவில், இரண்டாவது பிள்ளைக்கு 5 கிழமை

முதல் பிள்ளையின்ர நேரம் நான் விட்ட பிழையைத்தான் முதலில எழுதப்போறன். இனி வாற ஆராவது அதைச் செய்யாமல் விட்டாலே எனக்குக் காணும்.

அப்ப எனக்கு 26ஆம் கிழமை. சீனி பாக்க வரச்சொல்லி கிளினிக் கொப்பியில எழுதிவிட்டவை. முதல்நாள் இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட பிறகு தண்ணியைத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்கேல்லை. விடிய வெறும் வயித்தில போய் ஒருக்கா இரத்தம் குடுத்து, பாமசியில வாங்கிக்கொண்டு போன 75 கிராம் குளுக்கோசைத் தண்ணியில கரைச்சு, அஞ்சு நிமிசத்துக்குள்ள குடிச்சு முடிக்கவேணும். பிறகு ஒரு மணித்தியாலத்தில ஒருக்கா, ரெண்டு மணித்தியாலத்தில ஒருக்கா இரத்தம் எடுப்பினம். அந்தத் தண்ணி குடிச்ச ஆக்களுக்குத் தெரியும், பாகு மாதிரித் தொண்டையில நிக்கும்.

நாப்பது நிமிசம் பொறுத்தன். பிறகு பின்பக்கம் தண்ணிப் பைப்படிக்குப் போய் முழுக்கச் சத்தி எடுத்திட்டன். ஒருதரும் காணேல்லை. இவர் அரைநாள் லீவு போட்டு வந்து வெளியில நிக்கிறார். சொன்னா இன்னொரு நாள் திரும்ப வரச்சொல்லுவினம், திரும்ப அந்தத் தண்ணியைக் குடிக்கவேணும். வாயைக் கழுவிப்போட்டு வந்து இருந்திட்டன். தாதி மிஸ்ஸியிட்ட ஒரு வார்த்தை சொல்லேல்லை.

முடிவு (mg/dL கணக்கில) 84, 131, 108. எல்லாம் நல்லம் எண்டு கொப்பியில எழுதித் தந்தவை. மாமி சந்தோசத்தில பயத்தம் பணியாரம் சுட்டவா. நான் ஆசையாத் திண்டன்.

35ஆம் கிழமை ஸ்கானில பிள்ளை பெரிசு, பிள்ளையைச் சுத்தியிருக்கிற தண்ணியும் அளவுக்குக் கூட எண்டவை. சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில பாத்த சீனி 168. டொக்டர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்து, "26இல சரியா இருந்திருக்கே" எண்டு யோசிச்சார். அப்பவும் நான் வாய் திறக்கேல்லை. மகன் 4.2 கிலோ, வெட்டித்தான் எடுத்தவை. பிறந்து ரெண்டு மணித்தியாலத்தில குதிக்காலில குத்திப் பாத்தா சீனி 31. உடன பிள்ளையை மற்ற வாட்டுக்குக் கொண்டு போயிட்டினம். மூண்டு நாள் அவன் அங்க, நான் இங்க. வெட்டின நோவோட இருந்து பிழிஞ்ச பாலைச் சின்னக் கப்பில ஏந்திக்கொண்டு இவர் மேலயும் கீழயும் நடந்ததை இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

எனக்குச் சீனி கூடவெண்டா பிள்ளைக்கு ஏன் குறையுது எண்டு அப்பதான் விளங்கப்படுத்திச்சினம். என்ர இரத்தத்தில கூடின சீனி கொப்பூழ்க்கொடியால பிள்ளைக்கும் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின்ர உடம்பு சீனியைக் குறைக்கிற இன்சுலினைக் கூடச் சுரந்து பழகியிருக்கும். கொடியை வெட்டினவுடன சீனி வரத்து நிண்டிடும், இன்சுலின் மட்டும் மிஞ்சி நிக்கும். அந்த 31க்கு அதுதான் காரணம்.

ரெண்டாவது பிள்ளைக்கு 27ஆம் கிழமையில போனன். குளிர்ந்த தண்ணியில கரைச்சு, மிஸ்ஸியிட்டக் கேட்டு அரைத் தேசிக்காய் பிழிஞ்சு குடிச்சன். உலாவாமல் கதிரையிலயே இருந்தன். 96, 188, 149. வரம்பு 92, 180, 153. மூண்டில ஒண்டு தட்டினாலே கர்ப்பகால நீரிழிவுதான். எனக்கு ரெண்டு.

பருத்தித்துறை, 30ஆம் கிழமை

அக்கா, உங்கட 96ஐக் கண்ட உடன எழுதவேணும் போல இருந்தது. எனக்கு வெறும் வயித்தில 94, மற்ற ரெண்டும் சரி. "வரம்பை விட ரெண்டுதானே கூட, அதைப்போய்ப் பெரிசாக்காத" எண்டு வீட்டில எல்லாரும் சொல்லிச்சினம். நான் பிள்ளைத்தாச்சியாக முதல் 49 கிலோ. அம்மா அப்பா ஒருதருக்கும் சீனி வருத்தம் இல்லை.

மாமி சொன்னது வேற. "வைகாசி முழுக்கக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் திண்டதால வந்தது." அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டன். என்ர நாக்கால பிள்ளைக்குக் கேடு வந்திட்டு எண்டு ரெண்டு இரவு நித்திரை இல்லை. பிறகு கிளினிக் டொக்டர்தான் ஆறுதலா இருத்திச் சொன்னவா. நச்சுக்கொடி வளர வளர அதில இருந்து வாற ஹோர்மோன்கள் அம்மாவின்ர இன்சுலினை வேலை செய்ய விடாது. எல்லாத் தாய்மாருக்கும் அப்பிடித்தான். சிலற்ற உடம்பு இன்சுலினைக் கூடச் சுரந்து சமாளிக்கும், சிலற்றதால ஏலாது. 24 தொடக்கம் 28 கிழமைக்குள்ள பாக்கிறதும் அந்த இழுபறி அப்ப வெளியில தெரியுமெண்டதாலதான். மாம்பழம் திண்டா அண்டைக்குச் சீனி ஏறும்தான், ஆனா எனக்கு இது வந்ததுக்கு மாம்பழம் காரணமில்லை எண்டவா. வீட்டை வந்து அதை அப்பிடியே மாமிக்குச் சொன்னன். அவ ஒண்டும் பேசேல்லை. அடுத்தநாள் சிவப்பரிசி வாங்கிக்கொண்டு வந்தவா.

சாப்பாட்டு விசயத்தில நான் மெசினால குத்திப் பாத்துப் படிச்சதைச் சொல்லுறன். பனங்கட்டி சீனி வருத்தக்காரருக்கு ஒண்டும் செய்யாது எண்டு எங்கட பக்கம் எல்லாரும் நம்பினம். நானும் பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி குடிச்சனான். ஒருநாள் அதே காலைச் சாப்பாட்டைப் பனங்கட்டியோட சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில பாத்தன், 163. அடுத்தநாள் பனங்கட்டி இல்லாமல் 121. பிறகு அதைத் தொடேல்லை. குரக்கன் எண்டு நினைச்சு ரெண்டு குழல் புட்டுச் சாப்பிட்டாலும் ஏறத்தான் செய்யுது. எங்கட மிட்வைஃப் அக்கா வீட்டை வந்து என்ர கோப்பையைப் பாத்திட்டு, "புட்டைப் பாதியாக்குங்கோ, முருங்கையிலை வறையை ரெண்டு மடங்காக்குங்கோ, ஒரு முட்டையும் வையுங்கோ" எண்டவா. மெசினில உடன வித்தியாசம் தெரிஞ்சது.

ஆனா விடியக் காலமைச் சீனி மட்டும் என்ன செய்தும் 95க்குக் கீழ வரேல்லை. இப்ப சீனியைக் குறைக்கிற மெற்ஃபோமின் குளிசை போடுறன். குளிசை தந்தது எனக்கு ஒரு தண்டனை மாதிரி இருந்தது. இப்ப அப்பிடி இல்லை.

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), ஓய்வுபெற்ற தாதி

பிள்ளைகள், 94ஐயும் 96ஐயும் சின்ன விசயமாக நினைக்காதது நல்லது. 2008இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 9 நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் சீனியளவையும் பிறந்த பிள்ளைகளையும் பார்த்தார்கள். இந்த அளவுவரை பாதுகாப்பு, இதற்கு மேல் ஆபத்து என்று ஒரு கோடு அதில் அகப்படவில்லை. சீனி கூடக்கூடப் பிள்ளையின் நிறையும் சத்திரசிகிச்சைப் பேறும் படிப்படியாகக் கூடின. அதை வைத்துத்தான் 92, 180, 153 என்று தீர்மானித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதை ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று. பரிசோதனைக்கு முதல் மூன்று நாளும் சோறு, மாச்சாப்பாடு எல்லாவற்றையும் நிற்பாட்டிப்போட்டு வருகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வழமையாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் முடிவு பிழைக்கும். சத்தி எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். மிஸ்ஸி ஏசுவா என்று பயம் இருந்தாலும் சொல்லுங்கள். ஏசுவது அவவின் பிழை. அதைக் கேட்டு நீங்கள் கூசத் தேவையில்லை.

சாவகச்சேரி, 29ஆம் கிழமை

எனக்கு மூண்டும் சரியா வந்தது. பயந்துகொண்டு இருக்கிற ஆக்களுக்காக எழுதுறன். கடைசி இரத்தம் எடுத்தவுடன சாப்பிட ஏதும் கட்டிக்கொண்டு போங்கோ. நான் கொண்டு போகேல்லை, பஸ்ஸில தலைச்சுத்தி ஒரு அம்மாதான் இடம் விட்டு இருத்தினவா.

மானிப்பாய், மகளுக்கு 4 வயது

நான் எழுதிறது பிள்ளை பிறந்த பிறகு நடந்தது. எனக்கும் கர்ப்பகாலத்தில சீனி இருந்தது. சாப்பாட்டாலயே கட்டுப்படுத்தினன், மகளும் 2.9 கிலோ, ஒரு குறையும் இல்லை. அதோட சீனி போயிட்டு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். ஆறு கிழமையில திரும்பக் குளுக்கோஸ் குடிச்சுப் பாக்கவேணும் எண்டு அட்டையில எழுதியிருந்தது. ஒருதரும் சொல்லேல்லை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா முப்பத்தொண்டாம் நாள் முடிய வீட்டில சனம், பத்தியச் சமையல், பிள்ளை இரவிரவா அழுகை. என்னைப் பற்றி நானும் யோசிக்கேல்லை, மற்றவையும் கேக்கேல்லை. பிள்ளைக்குத் தடுப்பூசித் திகதி ஒண்டும் தவறேல்லை, என்ர திகதிதான் தவறினது.

போன வருசம் வேலைக்கு மெடிக்கல் எடுக்கேக்க வெறும் வயித்தில 171. எனக்கு 33 வயது. இப்ப ஒவ்வொரு நாளும் குளிசை. கர்ப்பத்தில சீனி வந்த ஆக்களுக்குப் பிறகு நீரிழிவு வாற சாத்தியம் மற்றவையை விட ஏழு மடங்குக்கும் கூட எண்டு பிறகுதான் அறிஞ்சன். ஆறு கிழமைக்குப் போயிருந்தா ஒருவேளை வராமலே தள்ளியிருக்கலாம், தள்ள ஏலாட்டியும் முந்தியே தெரிஞ்சிருக்கும். மூண்டு வருசம் எனக்குள்ள என்ன நடந்தது எண்டு தெரியாமலே திரிஞ்சிருக்கிறன். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு.

கொக்குவில், முதல் எழுதினது நான்தான்

ரெண்டாவது பிள்ளையின்ர கதையை முடிக்கேல்லை. 31ஆம் கிழமையில இன்சுலின் தொடங்கினவை. வயித்தில ஊசி எண்டா பிள்ளைக்குக் குத்துமோ எண்டு கை நடுங்கினது. தோலுக்குக் கீழ மட்டும்தான் போகும், அந்த இன்சுலின் பிள்ளைக்குப் போகாது எண்டு மிஸ்ஸி என்ர கையைப் பிடிச்சுப் பழக்கினவா. மூண்டாம் நாள் நானே போட்டன். மகள் 3.1 கிலோ. சீனி 58, பிறகு 61. முதல் இரவே எனக்குப் பக்கத்தில கிடந்தவள்.

மானிப்பாய் அக்கா, நீங்கள் எழுதினதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். முதல் முறை சத்தி எடுத்ததையும் அவவுக்கு அண்டைக்குத்தான் சொன்னன். கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "செவ்வாய்க்கிழமை நான் வந்து பிள்ளையை வைச்சிருக்கிறன், நீ போ" எண்டவா. குளுக்கோஸ் வாங்கியாச்சு. இந்த முறை சத்தி வந்தா சொல்லுவன்.