மறுமொழி: அஃபிலியேட் மார்க்கெட்டிங் – ‘இணை’யை விட்டுவிடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ என்பதற்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழில் ஒரு கலைச்சொல் பட்டியல் போட, நான்கு நாட்களாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒரு கடையின் பொருளுக்கு நம் பக்கத்தில் லிங்க் வைத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கடைக்காரரிடம் ஒரு பங்கு பெறுவதுதான் அந்தத் தொழில். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லில் எனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஒளிப்படக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன், அந்தப் பக்கங்களில் வைத்திருக்கும் அஃபிலியேட் லிங்க்குகள் வழியாகத்தான் அதற்கான செலவும் கொஞ்சம் வருமானமும் வருகிறது. ஆனால் அதை என் வாசகர்களிடம் தமிழில் ஒரே வரியில் சொல்ல இன்றுவரை சரியான சொல் கிடைக்கவில்லை.

> ‘இணைப்புச் சந்தைப்படுத்தல்’ ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது. அதையே ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது.

புழக்கத்தில் இருப்பது உண்மைதான் ஐயா. ஆனால் ‘இணைப்பு’ என்ற சொல்லின் மேல் இப்போதே எத்தனை சுமை என்று பாருங்கள். லிங்க் என்றாலும் இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பும் இணைப்பு, இரண்டு நிறுவனங்கள் ஒன்றானால் அதுவும் இணைப்பு. இந்த நிலையில் ‘அஃபிலியேட் லிங்க்’ என்பதை எப்படி எழுதுவீர்கள்? ‘இணைப்பு இணைப்பு’ என்றா? இந்தத் துறையில் ஒரு நாளில் நூறு முறை எழுத வேண்டிய சொல்லே அதுதான், அந்த இடத்திலேயே கலைச்சொல் தடுக்கி விழுகிறது.

‘இணைச் சந்தைப்படுத்தல்’ என்று சுருக்கலாம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அதற்கும் ‘இணையச் சந்தைப்படுத்தல்’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘ய’. தட்டச்சில் அது விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும், படிப்பவருக்குப் பிழை என்றும் தெரியாது. இணையத்தில் நடக்கும் விற்பனை உத்தி எல்லாமே இணையச் சந்தைப்படுத்தல்தான், நாம் பேசுவதோ அதற்குள் இருக்கும் ஒரு சிறு வகை.

இவை இரண்டையும்விட எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது வேறு. ‘எங்களோடு இணையுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்ற விளம்பர வரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் உறவில் தம்பி முறை உள்ள ஒருவன் அப்படித்தான் ஒரு கும்பலிடம் ‘சேர்க்கைக் கட்டணம்’ கட்டினான். பொருள் என்று அங்கே எதுவுமே இல்லை, இவன் இன்னும் சிலரைச் சேர்த்துவிட்டால் அவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு என்பதுதான் ஏற்பாடு. நான் கேட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் மனதில் நிற்கிறது: “நீங்களும் இதைத்தானே அண்ணா செய்கிறீர்கள், இணைப்பு மார்க்கெட்டிங்?” அவனைக் குறை சொல்லி என்ன பயன், சொல் அப்படித்தான் கேட்கிறது. இணைப்பு என்றால் சேர்வது, சேர்ப்பது. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் ஆள் சேர்ப்பதால் வருமானம் இல்லை, யாரோ ஒருவர் ஒரு பொருளை வாங்கினால்தான் வருமானம். சேர்வதற்கும் பொதுவாகக் கட்டணம் கிடையாது. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல்லை, அதுவும் ஏமாற்றுக்காரர்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் சொல்லை, நாமே கலைச்சொல் என்று முத்திரை குத்திக் கொடுக்கக்கூடாது.

> மூலச்சொல்லின் பொருளைப் பார்த்தால் ‘இணை’ தானே வருகிறது?

மூலத்துக்கே போனால் அங்கே இருப்பது மகன். லத்தீனில் ஃபிலியுஸ் என்றால் மகன், அதிலிருந்து பிறந்த வினைக்குப் பொருள் தத்தெடுத்தல். கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதற்கு அந்தச் சொல் பொருந்தியது, நாமும் ‘இணைவு பெற்ற கல்லூரி’ என்றோம், சரி. அங்கே நீடித்த உறவு ஒன்று இருக்கிறது, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் மீது பொறுப்பும் இருக்கிறது. கடைக்காரருக்கும் லிங்க் வைக்கும் எனக்கும் நடுவே என்ன இருக்கிறது? விதிகளை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு சொடுக்கு, ஓர் அடையாள எண், அவ்வளவுதான். வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இல்லாத உறவை இருப்பதாகக் காட்டுவோம்.

அதே காரணத்தால்தான் ‘கூட்டாளர்’ வேண்டாம் என்கிறேன், கூட்டாளி என்றால் நட்டத்திலும் பங்கு உண்டு. ‘முகவர்’ இன்னும் ஆபத்து. விற்பவர் சார்பில் பேசவும் பணம் வாங்கவும் அதிகாரம் உள்ளவர் என்று பொருள்படும், நாளைக்குப் பொருள் பழுதானால் வாசகர் என்னிடம் வந்து நிற்பார். ‘துணை விற்பனையாளர்’ என்பதும் அப்படித்தான், நான் எதையும் விற்பதே இல்லை.

அப்புறம், ‘ஆற்றுப்படுத்தல்’.

இந்த யோசனையைப் படித்த அன்று வேறு வேலையே ஓடவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு பாணனைக் கண்டு, இந்த வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார், உனக்கும் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த ஆற்றுப்படை வகைதான். தான் பயன்படுத்திப் பார்த்ததை, அது கிடைக்கும் இடத்தோடும் போகும் வழியோடும் சேர்த்து இன்னொருவருக்குச் சொல்வது நல்ல அஃபிலியேட் கட்டுரை செய்யும் வேலையேதான். ஆறு என்றால் வழி என்பதால் லிங்க் என்ற கருத்தும் உள்ளேயே இருக்கிறது.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறேன், வருத்தத்தோடு. முதலாவது, உளவளத் துறையினர் கவுன்சலிங் என்பதற்கு இதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள், மன உளைச்சலோடு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று தேடுபவருக்குக் கேமரா விற்பனைப் பக்கம் வந்து நிற்கக்கூடாது. இரண்டாவது, பாணன் வழி சொன்னதற்காக வள்ளல் அவனுக்குத் தனியாக எதுவும் தரவில்லை. அனுப்பப்பட்டவன் பெறும் பரிசிலில் அனுப்பியவனுக்குப் பங்கில்லை. நமக்கு உண்டு. நாம் பேசுகிற தொழிலையே மற்றப் பரிந்துரைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பங்குதான், அந்தச் சொல்லைச் சூட்டிக்கொண்டால் அது மறைந்துபோகும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இழையில் சிலர் இது எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருக்கும் லிங்க்கில் எனக்குரிய அடையாள எண் ஒட்டியிருக்கும். நீங்கள் அதைச் சொடுக்கியதும் விற்பவரின் தளம் உங்கள் உலாவியில் குக்கீ என்ற ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கும், ‘இவரை அனுப்பியவர் இன்னார்’ என்று. குறித்த காலத்துக்குள் நீங்கள் எதையாவது வாங்கினால் அதில் ஒரு விழுக்காடு என் கணக்கில் சேரும். அமேசானில் அந்தக் காலம் 24 மணி நேரம்தான், அதற்குள் கூடையில் போட்டுவைத்துவிட்டால் 90 நாள்வரை செல்லும். நான் லென்ஸைப் பற்றி எழுதியிருப்பேன், நீங்கள் அங்கே போய்ச் செருப்பு வாங்குவீர்கள், பெரும்பாலும் அதற்கும் எனக்குப் பங்கு வரும். இதில் எதுவுமே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. விலையும் கூடுவதில்லை, அதனால் உணரவும் வழியில்லை. சொல்லும் சேர்ந்து மறைத்தால் வாசகர் எப்படித்தான் அறிந்துகொள்வார்?

ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறை புதிதல்ல, சிடிநவ் என்ற இசைக் கடை 1994-இலேயே தொடங்கியது, அமேசான் தன் திட்டத்தை 1996 ஜூலையில் அறிவித்தது, அப்போது அது புத்தகக் கடை. இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தன் விளக்கக் குறிப்பில், ‘அஃபிலியேட் லிங்க்’ என்று மட்டும் போட்டால் போதாமல் போகலாம், அதன் மூலம் பணம் கிடைக்கிறது என்பது வாசகருக்குப் புரியாமல் இருக்கக்கூடும் என்கிறது. வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும் என்று வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. மூலமொழியிலேயே பொருள் சொல்லாத ஒரு சொல்லை நாம் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லையே. அவர்கள் கூடுதலாக ஒரு வாக்கியம் எழுதிச் சரிசெய்வதை நாம் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

ஆகவே என் முன்மொழிவு பரிந்துரைத் தரகு.

‘பரிந்துரை’ நமக்கு நன்றாகப் பழகிய சொல், ஆனால் அதை உடைத்துப் பாருங்கள்: பரிந்து உரைத்தல். ஒருவர் பக்கம் சாய்ந்து, அவருக்காகப் பேசுதல். நடுநிலையான மதிப்பீடு என்று அது சொல்லிக்கொள்வதே இல்லை, சாய்வு இருக்கிறது என்பதை வேரிலேயே ஒப்புக்கொள்கிறது. ‘தரகு’ மீதியைச் சொல்லிவிடுகிறது: விற்பனை நடந்தால், விற்பவர் தருவது. ‘சந்தைப்படுத்தல்’ வேண்டவே வேண்டாம் என்று நினைக்கிறேன், ‘இணைப்புச் சந்தைப்படுத்துநர்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் போய்விடுவார்.

> ‘தரகு’ என்றால் கேவலமாக இல்லையா? தரகர் என்று யாராவது தன்னை அழைத்துக்கொள்வாரா?

இந்த வாரம் வந்த கேள்விகளிலேயே நேர்மையானது இதுதான் அம்மா, நானும் இதில் தயங்கினேன். ‘தரகு’ நம்மிடம் மிகப் பழைய சொல். பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் வரிப் பட்டியல் வரும்போது தட்டாரப்பாட்டம் (பொற்கொல்லர் கட்டிய வரி) முதலியவற்றோடு தரகும் வருகிறது, அதாவது கணக்கில் எழுதி வரி கட்டிய தொழில். பின்னால் ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர், இரண்டு பக்கமும் பேசிவிட்டுத் தன் பங்கைச் சொல்லாமல் மறைத்தவர்களால் வந்தது என்பது என் எண்ணம். தன் பங்கை முதல் வரியிலேயே சொல்லிவிடுபவருக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ‘கமிஷன்’ என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதினார். ஆனால் அந்தச் சொல் இப்போது விசாரணைக் குழுவுக்கும் லஞ்சத்துக்கும் போய்விட்டது, தரகைவிடக் கெட்ட நிலையில் இருக்கிறது. ‘கழிவு’ என்பது ஒரு பக்கம் தள்ளுபடி, இன்னொரு பக்கம் குப்பை.

ஆளைக் குறிக்க ‘தரகர்’ வேண்டாம் என்றால் ‘பரிந்துரையாளர்’ போதும், தொழிலின் பெயரில் தரகு இருக்கும்போது மறைவு ஏதும் வராது. வேலை விண்ணப்பத்தில் நமக்காகச் சான்று சொல்பவரையும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் வாய்ப்பு குறைவு.

லிங்க்குக்குத் ‘தரகு இணைப்பு’. புணர்ச்சி விதிப்படி தரகிணைப்பு என்று சேர்க்கலாம், நன்றாகவும் இருக்கிறது, ஆனால் தேடுபொறியில் ‘தரகு’ என்று தேடுபவருக்கு அது அகப்படாமல் போகலாம், பிரித்தே எழுதுவோம். திட்டத்துக்குத் ‘தரகுத் திட்டம்’. குக்கீ செல்லுபடியாகும் காலத்துக்குத் ‘தரகுக் காலம்’ என்று வைத்தேன். ‘குக்கீ ஆயுள்’ என்று வந்த யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வாசகர் அறிய வேண்டியது எத்தனை நாள்வரை எனக்குப் பங்கு உண்டு என்பதைத்தான். குக்கீயைக் குக்கீயாகவே விடலாம், 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் அதை உருவாக்கிய லூ மொன்டுல்லியும் புழக்கத்தில் இருந்த ஒரு பெயரை எடுத்துத்தான் வைத்தார். வாசகர் எதையும் சொடுக்காமலே அவர் உலாவியில் அடையாளத்தைச் செருகிவிட்டு, அவர் தானாகப் போய் வாங்கியதற்கும் பங்கு கேட்கிற மோசடிக்குக் ‘குக்கீ திணிப்பு’ என்று எழுதியவருக்கு என் வணக்கம், அதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

‘பாஸிவ் இன்கம்’ என்பதைச் ‘செயலற்ற வருமானம்’ என்று பட்டியலில் பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஒரு லென்ஸைப் பற்றி எழுத அதை மூன்று வாரம் கையில் வைத்துப் படம் எடுக்கிறேன், பிறகு விலை மாறினால், பொருள் நின்றுபோனால், லிங்க் உடைந்தால் திரும்பப் போய்த் திருத்துகிறேன். ஆயிரம் பேர் படித்து முப்பது பேர் சொடுக்கி ஒருவர்கூட வாங்காத மாதங்களும் இருந்திருக்கின்றன. ‘தொடர் வருமானம்’ என்றால்கூடப் பரவாயில்லை.

சொல்லைச் சோதிக்க நேற்று ஒரு காரியம் செய்தேன். கட்டுரைகளின் தொடக்கத்தில் இருந்த பழைய அறிவிப்பை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘இந்தப் பக்கத்தில் இருப்பவை தரகு இணைப்புகள். இவற்றின் வழியாக நீங்கள் எதையாவது வாங்கினால் விற்பவர் எனக்குத் தரகு தருவார். உங்களுக்கு விலை கூடாது.’ இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத என் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்போ நீ நல்லா இருக்குன்னு சொல்றத அப்படியே நம்பக்கூடாதா?” என்று கேட்டார். பழைய அறிவிப்பு ஆறு ஆண்டுகளாக அங்கேயே இருந்தது, அவர் அதையும் படித்திருக்கிறார், இந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பட்டியலில் ஒரு வரிசை மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது: பல விற்பனையாளர்களையும் பரிந்துரையாளர்களையும் நடுவே நின்று சேர்த்துவைத்து, கணக்குப் பார்த்துப் பணம் பிரித்துத் தரும் நிறுவனம், அதாவது அஃபிலியேட் நெட்வொர்க். ‘தரகு வலை’ என்றால் யாரையோ பிடிக்க விரித்தது போல இருக்கிறது. ‘தரகு மன்றம்’ சரியாக வருமா என்று தெரியவில்லை, இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் பட்டியலை மூடுவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.