ஆர்டி4-இல் போவிஸ் காட்டவில்லை, அவசர உதவி தேவை

முதுநிலை_மாணவன்: வணக்கம். மாட்டுக் காசநோய் மாதிரி ஒன்றை மூன்று தடவை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஓட்டிவிட்டேன், மூன்று தடவையும் போவிஸ் (மாட்டுக் காசநோய்க் கிருமி) காட்டவில்லை. போவிஸ் என்றால் ஆர்டி4 என்ற டிஎன்ஏ துண்டு நீங்கியிருக்க வேண்டும். வியாழக்கிழமை கைடிடம் ஜெல்லைக் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

கல்ச்சர்_அறை: மாதிரி பாலா, நிணநீர்க் கணுவா? எந்த ஊடகத்தில் வளர்த்தீர்கள்? கிளிசரால் மட்டும் போட்ட எல்ஜே (முட்டை ஊடகம்) என்றால் போவிஸ் ஒழுங்காக வளராது, பைருவேட் வேண்டும். உங்களிடம் முளைத்தது மண்ணில் இருக்கும் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

நெல்லை_வெட்: எனக்கு டிஎன்ஏ மேல்தான் சந்தேகம். இந்தக் கிருமியின் சுவர் மெழுகு மாதிரி, வெறுமனே கொதிக்கவைத்தால் சரியாக உடையாது. பிசிஆரைத் தடுக்கும் அழுக்கும் கலந்திருக்கலாம், பத்து மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள்.

பழைய_கை: தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) வரவில்லையா, வேறு அளவில் வந்ததா? மூன்று பிரைமர் முறையில் ஆர்டி4 துண்டு இருந்தால் ஓர் அளவு, நீங்கியிருந்தால் இன்னோர் அளவு. இது தெரியாமல் ஜெல் ஓட்டி என்ன பயன்?

முதுநிலை_மாணவன்: மன்னிக்கவும் சார். இறந்த கறவை மாடு, மார்பு நிணநீர்க் கணு. கத்தி வைத்ததும் மணலை அறுப்பதுபோல நறநறவென்றது, உள்ளே மஞ்சளாகக் கட்டி. பைருவேட் போட்டுத்தான் வளர்த்தேன். இதே மாதிரித் துண்டுகளில் ஆர்டி1 இருக்கிறது, ஆர்டி9 இல்லை, ஆர்டி4 இருக்கிறது. கன்ட்ரோலுக்குப் பிசிஜி (போவிஸிலிருந்து வந்த தடுப்பூசிக் கிருமி) வைத்தேன், அதில் ஆர்டி4 நீக்கம் சரியாகத் தெரிகிறது.

வேலூர்_பக்கம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கன்ட்ரோல் சரி என்றால் பிசிஆரும் சரி. ஆர்டி9 இல்லை, அதனால் மனிதக் காசநோய்க் கிருமி இல்லை. ஆர்டி4 இருக்கிறது, அதனால் போவிஸும் இல்லை. போவிஸுக்கு நெருங்கிய இன்னொரு காசநோய்க் கிருமியான ஒரிஜிஸாக இருக்கும். 2020-இல் வேலூர் கல்ச்சர்கள் 940-ஐப் பார்த்த ஆய்வில் மனிதர்களிடமே 7 ஒரிஜிஸ் வந்தது, பிசிஜியைத் தவிர போவிஸ் ஒன்றுகூட இல்லை. ஆர்டி12 ஓட்டுங்கள். ஒரிஜிஸில் அது நீங்கியிருக்கும். ஆனால் காப்ரே என்ற இன்னொரு உறவுக் கிருமியிலும் நீங்கியிருக்கும், அதனால் ஜைர்பி மரபணுவை வரிசைப்படுத்தினால்தான் முடிவாகத் தெரியும்.

நெல்லை_வெட்: எதற்கு இவ்வளவு? ஸ்பாலிகோடைப்பிங் (டிஎன்ஏயின் ஓரிடத்தில் எந்தெந்தத் துண்டு இருக்கிறது என்று பார்க்கும் முறை) போடுங்கள். 43 துண்டில் 3, 9, 16, அப்புறம் 39 முதல் 43 வரை இல்லாவிட்டால் போவிஸ், கதை முடிந்தது.

பழைய_கை: அது ஒரே ஒரு இடத்தைப் பார்க்கும் முறை. சம்பந்தமே இல்லாத இரண்டு கிருமிகளில் அதே துண்டுகள் தனித்தனியாக விழுந்திருக்கலாம். எந்த மாட்டிலிருந்து எந்த மாட்டுக்குப் போனது என்று தெரிய முழு மரபணு வரிசைதான் வேண்டும்.

நெல்லை_வெட்: அதற்குப் பணம் நீங்கள் தருகிறீர்களா? மாவட்ட ஆய்வகங்களின் நிலைமை தெரிந்து பேசுங்கள்.

கறவைக்காரர்_மகள்: வகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த மாட்டின் பாலை யார் குடித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் மாட்டின் முகத்தோடு முகம் வைத்துத்தான் தவிடு கரைப்போம்.

நெல்லை_வெட்: பாலைக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும் அம்மா.

கறவைக்காரர்_மகள்: இருமும் மாட்டின் மூச்சை எப்படிக் காய்ச்சுவது சார்?

முதுநிலை_மாணவன்: ஆர்டி12 நீக்கம்தான். ஜைர்பிக்கு அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கறவைக்காரர்_மகள்: தம்பி, அதே கொட்டகையில் நின்ற மற்ற மாடுகளுக்குத் தோல் பரிசோதனை செய்தார்களா? வீட்டில் யாருக்காவது சளி எடுத்துப் பார்த்தார்களா?