பொருள்: ஹைட்ராலிக் 'ப்ளீடிங்' – காற்றகற்றல் என்னும் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கனரக எந்திரங்களில் ஹைட்ராலிக் ஓஸ் (அழுத்தமேற்றிய எண்ணெய் செல்லும் வளைகுழாய்) மாற்றியபின், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் பணியே 'ப்ளீடிங்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் பல சொற்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் 'கசிவிப்பு' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கசிவு என்பது பட்டறையில் ஒரு பழுதின் பெயர். ஓஸை மாற்றுவதே பெரும்பாலும் அதை நிறுத்தத்தான். 'காற்றிறக்கம்' என்றால் டயரில் காற்றை இறக்கிவிடுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். 'காற்றுப்போக்கு' வயிற்றுக் கோளாற்றை நினைவூட்டுவதால் அதை விவாதிக்கவே தேவையில்லை.

பட்டறை வழக்கைத் தழுவிக் 'காற்றெடுப்பு' எனலாம் என்ற கருத்தின் பக்கம் நானும் சில நாள் சாய்ந்திருந்தேன். ஆனால் 'பம்ப் ஏர் எடுக்குது' என்று மெக்கானிக் சொன்னால், எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ ஓர் இணைப்புத் தளர்ந்து, பம்ப் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்று பொருள். அவரே 'ஏர் எடுக்கணும்' என்றால், புகுந்த காற்றை வெளியே அனுப்ப வேண்டும் என்று பொருள். எடுப்பது பம்பா, ஆளா என்பது பேச்சில் விளங்கிவிடுகிறது. பெயர்ச்சொல்லாக்கினால் பழுதுக்கும் அதைத் தீர்க்கும் பணிக்கும் ஒரே பெயர் அமைந்துவிடும்.

'வடிப்பு' என்பதை விடுவதற்கு மனம் வரவில்லை. எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கியபின், பம்பின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்தினால், முதலில் நுரை துப்பும். பிறகு பால்போல் வெளுத்த எண்ணெய் வரும். குமிழியற்ற தெளிந்த எண்ணெய் விட்டுவிடாமல் ஒழுகத் தொடங்கியதும் திருகை இறுக்குவோம். இதைப் பார்த்தவர் வடித்தல் என்றே சொல்வார். ஆனால் எக்ஸ்கவேட்டரின் பூமை, அதாவது அதன் பெரிய கையை, ஏற்றி இறக்கும் சிலிண்டருக்கு ஓஸ் மாற்றினால் பொதுவாக வேலை வேறு விதமானது: எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பூமை மெதுவாகப் பலமுறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் முழு நீட்சிக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும். குமிழிகள் எண்ணெயோடு தொட்டிக்குத் திரும்பி அங்கே பிரிகின்றன. எதுவும் வெளியே வடிவதில்லை. அவசரப்பட்டு முழு அழுத்தம் கொடுத்தால், நொடியில் நசுங்கும் குமிழி எண்ணெய் ஆவி பற்றுமளவு சூடேறி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்களைக் கருக்கிவிடும். நமது சொல் இவ்விரு முறைகளையும் தழுவ வேண்டும்.

ஆகவே 'காற்றகற்றல்' என்பது என் பரிந்துரை. 'காற்று நீக்கம்' போதாதா என்று கேட்கலாம். வளிமண்டல அழுத்தத்தில் கனிம எண்ணெயில் கொள்ளளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு காற்று கரைந்தே இருக்கிறது. ப்ளீடிங் அதைத் தொடுவதில்லை, குமிழியாகச் சிக்கிய காற்றை மட்டுமே போக்குகிறது. கரைந்த காற்றையும் வெற்றிடத்தின் உதவியால் பிரித்தெடுக்கும் பணிக்கு 'காற்று நீக்கம்' என்பதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அகராதியில் நீக்கலும் அகற்றலும் ஏறத்தாழ ஒன்றே; வேறுபாட்டை நாம்தான் வரையறுத்துக்கொள்ள வேண்டும். திருகுக்குக் 'காற்றகற்று திருகு' எனலாம். வினைத்தொகை ஆதலால் இடையில் ஒற்று மிகாது.

பம்ப் வெளிக்காற்றை உள்வாங்கும் பழுதுக்குக் 'காற்றிழுப்பு' பொருந்தும் எனக் கருதுகிறேன். ஆஸ்துமாவையும் இழுப்பு என்கிறோமே என்று யாரேனும் தடை சொல்லக்கூடும். அந்தப் பம்ப் எழுப்பும் ஓசையை ஒருமுறை கேட்டவர் சொல்லமாட்டார்.

அன்புடன்.